கிள்ளான் ஆறு: கலங்கியதும் தெளிவதும்



கோலாலம்பூர் என்ற பெயருக்கு என்ன பொருள் என்று பள்ளியில் படிக்கும் பிள்ளைகளைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள். 'கோலா' என்றால் ஆறு கூடும் இடம். 'லும்பூர்' என்றால் சேறு. கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடுகின்ற சேற்றுத் துறையில் பிறந்த ஊர் என்பதால் இந்தப் பெயர் ஏற்பட்டது என்பது பரவலாகக் கூறப்படும் விளக்கம். அந்த ஆறு அழுக்கடைந்தது எப்படி? அதை மறுபடியும் சுத்தமாக்க என்ன செய்யப்படுகிறது? தோட்டத்தில் வாழும் நமக்கும், தோட்டத்தை விட்டு நகரத்திற்குப் போன நம் உறவினர்களுக்கும் இதில் என்ன சம்பந்தம்? இவற்றை இன்று வரலாற்று முறையில் பார்ப்போம்.

கிள்ளான் ஆறு கோலாலம்பூருக்கு வடகிழக்கே உள்ள மலைப் பகுதியில் உற்பத்தியாகிறது. சுமார் 120 கிலோமீட்டர் ஓடி, ஷா ஆலாம், கிள்ளான் ஆகிய ஊர்களைக் கடந்து, கிள்ளான் துறைமுகத்துக்கு அருகே மலாக்கா நீரிணையில் கலக்கிறது. கோம்பாக், பத்து, ஜிஞ்சாங், கெரோ, பூனுஸ், அம்பாங், கெராயோங் என்று பல சிற்றாறுகள் இதன் நீர்ப்பரப்பைச் சேர்ந்தவை. ஆகவே தலைநகரத்தின் ஏதோ ஒரு மூலையில் கால்வாயில் கொட்டப்படும் குப்பை, கடைசியில் கிள்ளான் ஆற்றுக்குத்தான் வந்து சேர்கிறது.

ஈயமும் சேறும்

1857-ஆம் ஆண்டில் கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லா, ஈயம் தேடுவதற்காக 87 சீனத் தொழிலாளர்களைப் படகில் ஏற்றி ஆற்றின் மேற்பகுதிக்கு அனுப்பினார். ஆறுகள் கூடும் இடம் வரையில்தான் படகு போக முடிந்தது. அங்கே இறங்கி, காட்டு வழியே நடந்து, அம்பாங்கை அடைந்தார்கள். ஒரு மாதத்திற்குள் மலேரியாக் காய்ச்சலுக்குப் பலியானவர்கள் போக 18 பேர்தான் எஞ்சினார்கள் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ஆனாலும் ஈயம் கிடைத்தது. இறந்தவர்களுக்குப் பதிலாகப் புதிய ஆட்கள் அனுப்பப்பட்டார்கள். படகுகள் நின்ற அந்தச் சேற்றுத் துறையில் கடைகள் தோன்றின, கடைகள் ஊராயின.

ஈயம் எடுக்கும் முறையை நாம் தெரிந்துகொண்டால்தான் ஆறு கெட்ட விதம் விளங்கும். ஈய மணல் பூமியில் தனியாகக் கிடைப்பதில்லை. மண்ணோடும் களிமண்ணோடும் கலந்து கிடக்கிறது. பிற்காலத்து லம்பங்களில் வேகமான நீர்ப்பீச்சலால் மண்மேட்டைக் கரைத்து, அந்தக் குழம்பைப் பம்பினால் மேலே ஏற்றி, 'பாலோங்' என்னும் நீண்ட சரிவான மரத் தொட்டியில் ஓடவிட்டார்கள். கனமான ஈய மணல் அடியில் தங்கிவிடும். மற்ற மண்ணும் மணலும் கலங்கல் நீரோடு வெளியே போகும். எடுத்த ஈயம் கையளவு என்றால், வெளியே விட்ட மண் வண்டியளவு. அந்த மண் பக்கத்திலிருந்த ஓடையில் இறங்கியது. ஓடை அதை ஆற்றில் சேர்த்தது. ஆற்றின் அடித்தளம் ஆண்டுதோறும் உயர்ந்துகொண்டே வந்தது.

இதில் நம்மவர்களுக்கும் பங்கு உண்டு. பத்துமலைக் கோயிலைத் தோற்றுவித்த தம்புசாமிப் பிள்ளை, லோக் யூவுடன் சேர்ந்து ராவாங்கில் ஈயச் சுரங்கம் நடத்தியவர். 1890-களில் அந்தச் சுரங்கத்தில் மின்சாரத்தைப் பயன்படுத்தி இந்நாட்டிலேயே முன்னோடியாக விளங்கினார்கள்.

அடித்தளம் உயர்ந்த ஆறு கொஞ்சம் மழை பெய்தாலும் கரை புரண்டது. சிலாங்கூரின் தலைநகர் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு 1880-இல் மாற்றப்பட்டது. அடுத்த ஆண்டே, 1881-இல், முதலில் ஒரு தீவிபத்தும் பிறகு ஒரு வெள்ளமும் ஊரை அழித்தன. அதற்கு முன் வீடுகள் மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் கட்டப்பட்டிருந்தன. இனி செங்கல்லும் ஓடும் கொண்டே கட்ட வேண்டும் என்று ஆங்கிலேய நிர்வாகம் வற்புறுத்தியது. கப்பித்தான் யாப் ஆ லோய் ஊருக்குத் தெற்கே ஆற்றோரக் களிமண்ணில் செங்கல் சூளைகளை ஏற்படுத்தினார். அந்தச் சூளைக்காடுதான் இன்றைய பிரிக்பீல்ட்ஸ். 1886-இல் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடாவுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியபின், தமிழகத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த ரயில்வே ஊழியர்கள் அங்கே குடியேறினார்கள்.

சிலாங்கூர் ஆற்றங்கரையிலிருந்த பழைய கோலக்குபு பட்டணத்தின் கதை இன்னும் கடுமையானது. ஈயச் சுரங்க மண்ணால் ஆறு தூர்ந்து, வெள்ளமும் மண்ணும் பட்டணத்தையே மூடத் தொடங்கின. கடைசியில் 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மேட்டு நிலத்தில் கோலக்குபு பாரு என்னும் புதிய பட்டணம் அமைக்கப்பட்டது.

பத்து ஆராங் நிலக்கரி

மலாய் மொழியில் 'பத்து ஆராங்' என்றால் நிலக்கரி. ராவாங்குக்கு மேற்கே உள்ள அந்த ஊரில் 1915-இல் 'மலாயன் கோலியரீஸ்' என்ற கம்பெனி நிலக்கரி வெட்டத் தொடங்கியது. ரயில் எஞ்சின்களும், பங்சாரில் இருந்த மின்சார நிலையமும், ஈயச் சுரங்க இயந்திரங்களும் இந்தக் கரியால் ஓடின. சீனர்கள் பெரும்பான்மையாக இருந்த அந்தச் சுரங்கத்தில் தமிழர்களும் மலாய்க்காரர்களும் ஜாவானியரும் வேலை செய்தார்கள். 1937 மார்ச் மாதத்தில் அங்கே தொழிலாளர்கள் சுரங்கத்தைத் தங்கள் வசம் எடுத்துக்கொண்டு நடத்திய வேலை நிறுத்தம் தொழிலாளர் வரலாற்றில் பேர் பெற்றது. எண்ணெய்க்கு மவுசு வந்தபின் கரிக்கு மதிப்புக் குறைந்து, 1960-இல் சுரங்கம் மூடப்பட்டது. திறந்தவெளியில் வெட்டிய பள்ளங்களில் தண்ணீர் நிரம்பி ஏரிகளாயின.

நிலக்கரி எடுத்த இடத்தில் ஆறு என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனி நாட்டின் ரூர் பகுதியைவிடத் தெளிவான சான்று வேறில்லை. அங்கே எம்ஷர் என்றொரு சிறிய ஆறு உண்டு. அதன் கரைகளில் நூற்றுக்கணக்கான சுரங்கங்களும் இரும்பாலைகளும் ஏற்பட்டு, லட்சக்கணக்கான தொழிலாளர் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. அவர்களுடைய கழிவுநீரைப் பூமிக்கடியில் குழாய் பதித்துக் கொண்டுபோக முடியவில்லை. ஏனென்றால், கீழே கரி வெட்டிய இடமெல்லாம் நிலம் உள்வாங்கியது. குழாய் பதித்தால் உடைந்துவிடும். ஆகவே 1899-இல் நகரங்களும் தொழிற்சாலைகளும் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்து, எம்ஷர் ஆற்றையே கான்கிரீட் தளமிட்ட திறந்த சாக்கடையாக மாற்றின. பல தலைமுறைத் தொழிலாளர் பிள்ளைகள் அந்த நாற்றத்தோடு வளர்ந்தார்கள்.

தோட்டமும் ஓடையும்

ஈயத்தையும் கரியையும் மட்டும் குறை சொல்லிவிட்டு ரப்பரை நாம் விட்டுவிட முடியாது. மலையும் காடும் அழிக்கப்பட்டுத் தோட்டங்கள் போடப்பட்ட ஆரம்ப காலத்தில், மரத்தடியில் ஒரு புல்கூட இருக்கக்கூடாது என்பது துரைமார்களின் கட்டளை. தாய்மார்கள் நாள் முழுதும் குனிந்து புல் வெட்டினார்கள். மூடுவதற்கு ஒன்றுமில்லாத மண்ணை மழை அடித்துக்கொண்டு போய் ஓடையில் சேர்த்தது. தவற்றை உணர்ந்த பிறகுதான் மூடுகொடிப் பயிர் வளர்ப்பதும், சரிவில் படிக்கட்டுப்போல் திட்டு வெட்டுவதும், மண் தங்குவதற்கு இடையிடையே குழி தோண்டுவதும் வழக்கத்திற்கு வந்தன.

ஓடைக்கும் நம் முன்னோர் உயிருக்கும் இன்னொரு தொடர்பும் இருந்தது. 1901-இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன், மலேரியாவால் மடிந்துகொண்டிருந்த கிள்ளானிலும் அதன் துறைமுகத்திலும் சதுப்பு நிலங்களின் தண்ணீரை வடியச் செய்தார். அடுத்த ஆண்டே இறப்புக் குறைந்தது. ஆனால் மேட்டு நிலத் தோட்டங்களில் காட்டை வெட்டியபின் காய்ச்சல் கூடியது. வெயில் படும் தெளிந்த ஓடை நீரில் முட்டையிடும் வேறொரு வகைக் கொசுதான் அதற்குக் காரணம் என்று கண்டுபிடித்து, ஓடைகளைப் பூமிக்கடியில் குழாய் வழியே விடவும், எண்ணெய் தெளிக்கவும் ஏற்பாடு செய்தார்கள். தோட்டத்து ஓடைகளில் எண்ணெய் தெளித்துக்கொண்டு போனவர்களைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம்.

பின்னர் வந்தது ஆலைக் கழிவு. ரப்பர்ப் பாலை ஆசிட் ஊற்றி உறைய வைத்தபின் மிஞ்சும் புளித்த நீரும், செம்பனை ஆலையிலிருந்து வரும் பழுப்பு நிறக் கொழகொழப்பான நீரும் ஓடையில் விடப்பட்டன. ஒரு டன் செம்பனை எண்ணெய் எடுக்கும்போது இரண்டு டன்னுக்கு அதிகமான கழிவுநீர் உண்டாகிறது. அதில் விஷம் இருப்பதால்தான் மீன் செத்தது என்று பலரும் நினைத்தார்கள். உண்மையில், அந்தக் கழிவை நுண்கிருமிகள் தின்னும்போது தண்ணீரிலுள்ள பிராணவாயுவை இழுத்துக்கொள்கின்றன. மீனுக்கு மூச்சுவிட வாயு மிஞ்சுவதில்லை. எவ்வளவு பிராணவாயுவை ஒரு கழிவு இழுக்கும் என்று அளந்து பார்க்க முடியும். சுத்திகரிக்காத செம்பனைக் கழிவில் அந்த அளவு லிட்டருக்குச் சுமார் 25,000 மில்லிகிராம்.

1974-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் நிறைவேறியது. அதன்கீழ் 1977-இல் செம்பனை ஆலைகளுக்கும், 1978-இல் ரப்பர் ஆலைகளுக்கும் விதிகள் வந்தன. செம்பனை ஆலைகள் முதலில் 5,000 மில்லிகிராம் அளவுக்குக் கழிவைக் குறைக்க வேண்டும். பின் ஆண்டுக்கு ஆண்டு படிப்படியாகக் குறைத்து, 1984-இல் 100 மில்லிகிராமுக்குக் கொண்டுவர வேண்டும். ஆலைக்குப் பின்புறம் வரிசையாக நாம் காணும் குளங்கள் இதற்காக ஏற்பட்டவையே. ஒரு குளத்திலிருந்து மறு குளத்துக்குப் போவதற்குள் நுண்கிருமிகள் கழிவைத் தின்று தீர்க்கின்றன. செம்பனை உற்பத்தி பெருகிக்கொண்டே வந்த அதே ஆண்டுகளில் ஆறுகளில் கலந்த ஆலைக் கழிவு பெருமளவு குறைந்தது. அளவு, கெடு, மேற்பார்வை ஆகிய மூன்றும் இருந்ததால் கிடைத்த பலன் இது.

வெள்ளமும் ஆற்றங்கரை மக்களும்

நகரத்தில் அவ்வளவு சுலபமாக இல்லை. 1926-இல் கோலாலம்பூரைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. அதன்பின் நகருக்குள் ஓடும் ஆற்றை நேராக்கினார்கள். வளைந்து ஓடிய ஆறு, காலப்போக்கில் கான்கிரீட் சுவர்களுக்கு நடுவே ஓடும் பெரிய கால்வாயாயிற்று. 1971 ஜனவரியில் மறுபடியும் வெள்ளம் வந்தது. கோலாலம்பூரில் 32 பேர் இறந்தார்கள். சுமார் 180,000 பேர் பாதிக்கப்பட்டார்கள். அதன்பின் அணைகள் கட்டப்பட்டன, ஆறு அகலப்படுத்தப்பட்டது. 2007-இல் வெள்ளநீரையும் வாகனங்களையும் ஒருங்கே கொண்டுபோகும் 9.7 கிலோமீட்டர் நீளச் சுரங்கவழி திறக்கப்பட்டது. அப்படியிருந்தும் 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் மேல்மாடியிலும் கூரையிலும் ஏறி நின்று படகுக்காகக் காத்திருந்ததை நாம் மறக்கவில்லை.

காரணம் மழை மட்டுமன்று. மழைநீரை உறிஞ்சிய நிலம் எங்கே போயிற்று என்று கேட்க வேண்டும். சுபாங் ஜெயாவின் பெரும்பகுதி முன்பு சீஃபீல்டு தோட்டம். பண்டார் உத்தாமா எஃபிங்ஹாம் தோட்டம். ஷா ஆலாம் எழுந்தது சுங்கை ரெங்கம் தோட்டத்தில். மரமும் மூடுகொடியும் மண்குழியும் இருந்த இடத்தில் தாரும் சிமெண்டும் வந்தபின், முன்பு மெதுவாக இறங்கிய நீர் ஒரே நேரத்தில் ஆற்றில் பாய்கிறது.

அந்தத் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் எங்கே போனார்கள்? தோட்டம் விற்கப்பட்டதும் லயத்து வீட்டையும் விட வேண்டியதாயிற்று. தொழிற்சாலை வேலை தேடிக் கிள்ளான் பள்ளத்தாக்குக்கு வந்த பலருக்கு வாடகை கொடுக்கும் சக்தியில்லை. யாருக்கும் வேண்டாத நிலம் ஆற்றோரமும் ரயில் பாதை ஓரமும்தான். அங்கே பலகையாலும் தகரத்தாலும் வீடு கட்டிக்கொண்டார்கள். சாக்கடை வசதி இல்லை; குப்பை வண்டி வரவில்லை. கழிவு ஆற்றில் விழுந்தது. 'புறம்போக்குவாசிகள் ஆற்றைக் கெடுக்கிறார்கள்' என்ற பேச்சு எழுந்தது. ஆனால் ஆறு கரை புரண்டபோது முதலில் மூழ்கியவை அவர்கள் வீடுகள். ஒரு நூற்றாண்டாக லம்பங்கள் கொட்டிய மண்ணையும், மேட்டில் இருக்கும் நகரம் அனுப்பும் கழிவையும் கணக்கில் சேர்க்காமல், கரையில் குடிசை போட்டவனை மட்டும் குற்றவாளியாக்குவது நியாயமான வரலாறு ஆகாது.

ஆறு மீளும் வழி

கெட்ட ஆறு மீளுமா என்ற கேள்விக்கு நம் பக்கத்து நாடு ஒரு விடை தந்திருக்கிறது. 1977-இல் சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் இயூ, பத்து ஆண்டுகளில் சிங்கப்பூர் ஆற்றைச் சுத்தமாக்க வேண்டும் என்று கெடு வைத்தார். பன்றிப் பண்ணைகள் அகற்றப்பட்டன. தெருவோர உணவுக் கடைகள் குழாயும் வடிகாலும் உள்ள அங்காடிக் கட்டடங்களுக்கு மாற்றப்பட்டன. ஆற்றோரக் குடும்பங்களுக்கு அடுக்குமாடி வீடுகள் கொடுக்கப்பட்டன. பிறகுதான் அடியில் கிடந்த சேறு அள்ளப்பட்டது. 1987-இல் வேலை முடிந்தது. எந்தக் கழிவும் உற்பத்தியாகும் இடத்திலேயே தடுக்கப்பட்டதும், மக்களுக்கு மாற்று இடம் கிடைத்ததும் இதில் கவனிக்க வேண்டியவை.

எம்ஷர் ஆற்றுக்கு அதைவிட நீண்ட காலம் பிடித்தது. கரிச் சுரங்கங்கள் வேறிடம் போய், நிலம் உள்வாங்குவது நின்றபின், 1990-களின் தொடக்கத்தில் சீரமைப்புத் தொடங்கியது. கழிவுநீருக்கென்று 51 கிலோமீட்டர் நீளத்தில் பூமிக்கடியில் பெருங்குழாய் பதிக்கப்பட்டது. 500 கோடி யூரோவுக்கு மேல் செலவாயிற்று. 2021 இறுதியில் எம்ஷரில் சாக்கடை நீர் விழுவது நின்றது. கான்கிரீட்டைப் பெயர்த்து, கரையில் மண்ணும் செடியும் வளைவும் திரும்பக் கொடுத்த கிளை ஓடைகளில் மீனும் தும்பியும் வந்திருக்கின்றன. ஏறக்குறைய 30 ஆண்டுகள். ஒரு தலைமுறைக் காலம்.

நம் நாட்டில் 'வாழ்வு நதி' என்ற பொருள்படும் திட்டம் 2011-ஐ ஒட்டித் தொடங்கியது. கிள்ளான் ஆற்றின் மேல்பகுதியிலும் அதன் கிளைகளிலுமாக 110 கிலோமீட்டர் தூரத்தைச் சுத்தப்படுத்துவதும், நகர நடுவே 10.7 கிலோமீட்டர் கரையை அழகுபடுத்துவதும் அதன் நோக்கம். 440 கோடி ரிங்கிட் மதிப்பீடு. கழிவுநீர் நிலையங்கள் மேம்படுத்தப்பட்டன. சந்தைகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்க ஏற்பாடு செய்யப்பட்டது. கால்வாய் வாயில்களில் குப்பையைப் பிடிக்கும் பொறிகள் வைக்கப்பட்டன. 2017-இல் மஸ்ஜித் ஜாமெக் அருகே ஆறுகள் கூடுமிடம் வண்ண விளக்குகளோடு பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. கீழ்ப்பகுதியில் சிலாங்கூர் மாநிலம் தனியாக வேலை செய்கிறது. 2019 முதல் கிள்ளானில் மிதக்கும் ஒரு யந்திரம், கடலுக்குப் போகும் குப்பையை வாரி எடுக்கிறது.

இந்நாட்டில் ஆற்று நீரை வகுப்பு வகுப்பாகத் தரம் பிரிக்கிறார்கள். முதல் வகுப்பு மிகத் தூய்மையானது; ஐந்தாம் வகுப்பு எதற்கும் உதவாதது. மனிதர் இறங்கிக் குளிக்கத்தக்கது இரண்டாம் வகுப்பின் 'பி' பிரிவு. 2020-க்குள் அந்தத் தரத்தை அடைவதே குறிக்கோளாக இருந்தது. நீர் சில இடங்களில் முன்னைவிடத் தேறியிருக்கிறது. ஆனால் அந்த ஆண்டுக்குள் குறிக்கோள் முழுதும் நிறைவேறவில்லை. ஆலைக் கழிவு ஒரு குழாயில் வருகிறது, அதை அடைக்கலாம். நகரத்து அழுக்கோ ஆயிரக்கணக்கான வாய்களில் வருகிறது. சாப்பாட்டுக் கடையின் எண்ணெய், கார் கழுவும் கடையின் நுரை, கட்டட வேலையிடத்தின் செம்மண், பழுதான மலக்குழி, நெகிழிப் பை எல்லாம் சேர்ந்ததுதான் அந்தக் கலங்கல்.

இந்தத் தரத்தின் பொருளை நம் வாழ்க்கையிலேயே வைத்துப் பார்க்கலாம். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கும் பக்தர்கள் பத்து ஆற்றங்கரையில் நீராடித்தான் பத்துமலைக்குப் புறப்படுகிறார்கள். ஆறு பக்கத்தில் ஓடினாலும், கரையில் அமைத்த குழாய் நீரில் குளிக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பத்து ஆறும் இந்தத் திட்டத்தைச் சேர்ந்ததே. பக்தர்கள் அச்சமின்றி ஆற்றிலேயே இறங்கிக் குளிக்கும் நாள் வந்தால், திட்டம் வெற்றி பெற்றது என்று நாமே சொல்லிவிடலாம்.

நாம் செய்யத்தக்கவை

வீட்டில் பொரித்த எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாமல் பழைய டப்பாவில் சேர்த்து வைக்கலாம். அதை விலைக்கு வாங்குவோரும் உண்டு. தோட்டத்து ஆலையிலிருந்து ஓடையில் நிறம் மாறிய நீர் இறங்கினால், நாளும் இடமும் குறித்துச் சுற்றுச்சூழல் இலாகாவுக்குத் தெரிவிக்கலாம். சட்டம் 1974 முதல் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் தங்கள் ஊர் ஓடை எந்த ஆற்றில் சேர்கிறது என்று வரைபடத்தில் தேடிப் பார்க்கட்டும்.

இன்னொன்றையும் நாம் கேட்டுப் பெற வேண்டும். ஆற்றோரம் அழகாகும்போது நிலத்தின் விலை ஏறுகிறது. விலை ஏறும்போது ஏழைகளை எழுப்பிவிடும் எண்ணமும் வருகிறது. கரையிலிருந்து எழுப்பப்பட்ட குடும்பங்கள் பல, 'ரூமா பாஞ்சாங்' என்னும் தற்காலிக நீள வீடுகளில், நிரந்தர வீட்டுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்ததை நாம் கண்டிருக்கிறோம். சிங்கப்பூரில் வீடும் ஆறும் சேர்ந்து கவனிக்கப்பட்டன. ஆற்றோரத் திட்டம் ஏதும் நம் பகுதிக்கு வரும்போது, மாற்று வீடு எங்கே, எப்போது கட்டி முடியும், பள்ளியும் வேலையும் எவ்வளவு தூரம் என்று எழுத்தில் பதில் கேட்பது குடியிருப்போரின் உரிமை. சங்கமாகச் சேர்ந்து கேட்டால் பதில் விரைவில் கிடைக்கும்.

1857-இல் ஈயம் தேடிப் படகு போன ஆறு இது. அதைக் கெடுக்க நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. மீட்கவும் ஒரு தலைமுறை ஆகலாம். அந்த வேலையில் நம் பிள்ளைகள் பொறியாளராகவும், நீரைப் பரிசோதிப்பவராகவும், கரையில் நல்ல வீட்டில் குடியிருப்பவராகவும் இடம் பெற வேண்டும். அதற்கு முதற்படியாக இந்த வரலாற்றை அவர்களுக்குச் சொல்லி வைப்போம்.